மைக் கோட்டின் தடிமன் சொன்னபடி வராதபோது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

செங்கோட்டையில் வார இறுதிகளில் நான் நடத்தும் கோட்டோவிய வகுப்புக்குத் தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகளும், மலைக்கு அப்பால் ஆரியங்காவு, தென்மலை ஆகிய ஊர்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தவர்களும் வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் குறை பெரும்பாலும் கோட்டின் தடிமனைப் பற்றியதாகவே இருக்கிறது. தடிக்க வேண்டிய இடத்தில் கோடு தடிப்பதில்லை. மெலிய வேண்டிய இடத்தில் ஊறிப் பரவுகிறது. "சார், எனக்குக் கை வரல" என்றுதான் எல்லோரும் பேச்சைத் தொடங்குகிறார்கள். கையைச் சந்தேகிப்பதற்கு முன்னால் தாளையும் மையையும் நிப்பையும் சந்தேகிக்க வேண்டும் என்பதே நான் அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது. கீழே உள்ள வரிசையும் அதைப் பின்பற்றியதே: செலவில்லாத காரணம் முதலில் வரும், பணம் செலவாகும் காரணம் கடைசியில் வரும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். படம் வரையும் அதே தாளின் ஓரத்தில், உங்களை நோக்கி இழுத்தபடி மூன்று கோடுகள் போடுங்கள்: ஒன்று அழுத்தமே இல்லாமல், ஒன்று நடுத்தர அழுத்தத்தில், ஒன்று நன்றாக அழுத்தி. பிறகு அதே பேனாவால், அதே மையால், வேறொரு தாளில் அந்த மூன்றையும் போடுங்கள். இரண்டாவது தாளில் கோடு ஒழுங்காக வந்தால் குற்றம் தாளுடையது. நேராக நான்காம் அறிகுறிக்குப் போங்கள். இரண்டிலும் ஒரே கோளாறு என்றால் பேனாவையோ மையையோ பார்க்க வேண்டும்.

அறிகுறி 1: எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே தடிமனில் வருகிறது

*கையில் இருப்பது ஃபைன்லைனர், ஜெல் பேனா அல்லது பால்பாயிண்ட் என்றால்:* பேனாவில் பழுது எதுவும் இல்லை. அந்த முனைகள் ஒரே தடிமனைத் தருவதற்காகவே செய்யப்பட்டவை. பிக்மா மைக்ரான் என்ற ஃபைன்லைனரில் 005 என்ற எண்ணுக்கு 0.20 மி.மீ., 01 என்றால் 0.25, 03 என்றால் 0.35, 05 என்றால் 0.45, 08 என்றால் 0.50 மி.மீ. என்பதுதான் கணக்கு. அழுத்தினால் கோடு தடிக்காது. முனை நசுங்கி உள்ளே போய்விடும், அதற்குப் பிறகு மெல்லிய கோடும் அந்தப் பேனாவிலிருந்து வராது. இந்தப் பேனாக்களில் தடிமனைக் கட்டித்தான் எழுப்ப வேண்டும். முழுப் படத்தையும் 01-இல் வரைந்துவிட்டு, தடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் முதல் கோட்டை ஒட்டி இன்னொரு கோட்டை மெல்ல விலக்கி இழுத்து, இடைவெளியை நிரப்பி, மறுபடியும் முதல் கோட்டிலேயே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதற்கு 01, 05 என்ற இரண்டு பேனாக்கள் போதும். முழு செட் வாங்கத் தேவையில்லை.

*மையில் தொட்டு வரையும் நிப் பேனா என்றால்:* திசையை முதலில் பாருங்கள். உங்களை நோக்கி இழுக்கும்போதுதான் நிப்பின் பிளவு விரியும். பக்கவாட்டில் இழுத்தால் விரியாது. மேல்நோக்கித் தள்ளினால் முனை தாளில் குத்தி மையைத் தெறிக்கும். ஆகவே கையைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள். பலகையில் தாளை நான்கு மூலையிலும் ஒட்டிவிட்டு வரைபவர்களுக்கு இந்தக் கோளாறு கட்டாயம் வரும்.

திசை சரியாக இருந்தும் கோடு மாறவில்லை என்றால், பேனா செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். தாளுக்கு அரைச் செங்கோணம் அளவுக்குச் சாய்த்துப் பிடித்தால் நிப் வளைய இடம் கிடைக்கும். அடுத்து, பிளவின் இருபுறமும் உள்ள இரண்டு முனைகளும் சமமாகத் தாளைத் தொடுகின்றனவா என்று கவனியுங்கள். பேனா உருண்டு ஒரு முனை மட்டும் தாளில் பட்டால் கோட்டின் ஒரு ஓரம் வழவழப்பாகவும் மறு ஓரம் கீறலாகவும் இருக்கும். இவையெல்லாம் சரி என்றால் நிப்பின் வகையே கெட்டியானது. அப்போது அழுத்தினால் எளிதில் விரியும் ஜி நிப் ஒன்று வாங்குங்கள். நுண்ணிய வேலைக்கு மேப்பிங் நிப். செலவு அதிகமில்லை.

*பிரஷ் என்றால்:* பெரும்பாலோர் மெல்லிய கோட்டுக்காக 000 எண் பிரஷ்ஷை வாங்கிவிடுகிறார்கள். அதில் மை நிற்பதில்லை. இரண்டு அங்குலம் போவதற்குள் காய்ந்துவிடுகிறது. நல்ல கூர்முனை உள்ள 2 அல்லது 3 எண் பிரஷ், நுனியால் தொட்டால் முடியளவு கோடும், அழுத்தினால் நல்ல தடித்த கோடும் தரும். முனை பிரிந்துவிட்டால் சோப்பு நுரையில் கழுவி, விரலால் கூராக்கி, ஓர் இரவு அப்படியே காயவிடுங்கள். காலையிலும் பிரிந்தே இருந்தால் அந்த பிரஷ்ஷை இருட்டை நிரப்பும் வேலைக்கு ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்க வேண்டியதுதான். சேபிள் முடி பிரஷ் விலை அதிகம். செயற்கை முடியில் கை பழகிய பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

அறிகுறி 2: தடித்த இடத்தில் கோடு இரண்டாகப் பிரிந்து, தண்டவாளம் போல நடுவில் வெள்ளை தெரிகிறது

நிப் விரிந்த அளவுக்கு மை கீழே இறங்கவில்லை என்பதுதான் இதன் பொருள். மை தீர்ந்திருக்கலாம், முதலில் மறுபடி தொட்டு வரைந்து பாருங்கள். தொட்டவுடனேயும் பிளந்தால், நிப்பை வெளிச்சத்தில் பிடித்து மை அதன் மேல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். படலமாகப் பரவியிருந்தால் நல்லது. துளித்துளியாகத் திரண்டிருந்தால் நிப்பின் மேல் எண்ணெய் இருக்கிறது. புது நிப்புகளுக்குத் துரு ஏறாமல் இருக்கத் தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் அது. பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போதும். பற்பசையைத் துணியில் தொட்டும் தேய்க்கலாம். சிலர் தீக்குச்சிச் சுடரில் காட்டுவார்கள். மேப்பிங் நிப் மிக மெல்லியதாகையால் சூட்டில் அதன் வளைதன்மை போய்விடும்; அந்த முறையை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

நிப் சுத்தமாக இருந்தும் கோடு பிளந்தால் மை கெட்டியாகியிருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில், மூடி திறந்த மைப்புட்டி ஒரு பிற்பகலுக்குள்ளேயே கெட்டியாகத் தொடங்கும். காய்ச்சி வடித்த நீரைத் துளித்துளியாகச் சேர்த்து, ஒவ்வொரு துளிக்கும் கோடு போட்டுப் பாருங்கள். பேட்டரிக் கடையில் "டிஸ்டில்டு வாட்டர்" என்று கேட்டால் கிடைக்கும். அமிலம் கலந்ததைத் தந்துவிடாமல் கேட்டு வாங்குங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு மையைத் திரிய வைத்துவிடும். ஏற்கெனவே கட்டி கட்டியாகத் திரிந்த இந்தியன் இங்க்கை (கரியால் ஆன கறுப்பு மையை) வடிகட்டிப் பயனில்லை. அதைக் கொட்டிவிட வேண்டும்.

கடைசியாக, நிப்பையே பாருங்கள். தாளிலிருந்து எடுத்து, சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவே வெளிச்சக் கீற்று தெரிந்தால் அளவுக்கு மீறி அழுத்தி அது விரிந்துவிட்டது. கையால் நெருக்கிச் சரிசெய்ய முயலாதீர்கள். முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தாளைக் கிழிக்கும்.

அறிகுறி 3: கோட்டின் தொடக்கத்தில் மட்டும் குண்டாக மை தேங்குகிறது

நிப்பின் நடுவிலுள்ள துளை வரை மட்டுமே மையில் அமிழ்த்துங்கள். எடுக்கும்போது முதுகுப்பக்கத்தைப் புட்டியின் வாயில் ஒருமுறை தேய்த்து, துண்டுத் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டுப் படத்துக்கு வாருங்கள். பேனா தாளைத் தொடும் முன்பே கை நகரத் தொடங்கியிருக்க வேண்டும். தொட்டுவிட்டு யோசித்தால் யோசித்த நேரமெல்லாம் மை இறங்கும். இவ்வளவு செய்தும் தேங்கினால் மை நீர்த்திருக்கிறது. மூடியைச் சற்று நேரம் திறந்து வையுங்கள்.

அறிகுறி 4: மெல்லிய கோடு போட்டால் ஊறித் தடிக்கிறது, ஓரம் பிசிறடிக்கிறது

எங்கள் பக்கத்தில் அதிகம் வரும் கோளாறு இதுதான். ஆனி, ஆடி, ஆவணியில் மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும்போது இங்கே சாரல் விழுகிறது. காற்றிலேயே நீர் இருக்கிறது. தாள் அதைக் குடித்துவிடுகிறது. பங்குனியில் முடியளவு கோடு வந்த அதே தாளில், அதே நிப்பால், அதே மையால், ஆடியில் இரண்டு மடங்கு தடிமனான கோடு வருகிறது. புனலூர், தென்மலைப் பக்கத்திலிருந்து வரும் மாணவர்களுக்கு இந்தக் காலம் இன்னும் நீளம். ஐப்பசி மழையும் அவர்களை விடுவதில்லை. இதை அறியாமல் புதுப் பேனா வாங்கியவர்கள் பலர்.

*தாள் ஈரமா என்று அறிய:* தாளின் ஒரு மூலையைச் சுண்டிப் பாருங்கள். காய்ந்த தாள் சடசடக்கும். ஈரத் தாள் ஓசையின்றித் தொய்யும். சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு தாளை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடியுள்ள டின்னில் ஓர் இரவு வையுங்கள். செருப்புப் பெட்டியிலும் மருந்து டப்பாவிலும் வரும் பொட்டலங்களே போதும். மறுநாள் இரண்டு பாதிகளிலும் ஒரே கோட்டைப் போட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். டின்னில் இருந்த பாதியில் ஓரம் கூராகவும் வெளியே இருந்த பாதியில் வேர்விட்டும் இருந்தால் காரணம் ஈரமே.

*ஈரம்தான் என்றால்:* வரையப்போகும் தாள்களை மட்டும் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். பீரோ மேற்குச் சுவரை ஒட்டி இருந்தால் நகர்த்துங்கள். சாரலை வாங்கும் சுவர் அது. அவசரத்துக்கு, மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியைத் தாளின் பின்பக்கம் ஒருமுறை ஓட்டலாம், ஆனால் தாள் வளையும். கடைசியில் நிப்பைத் துடைத்து உலர்த்தி வையுங்கள். இந்த மாதங்களில் ஒரே இரவில் துரு பிடிக்கிறது, துருப்பிடித்த முனை கோட்டைக் கிழிக்கிறது.

*ஈரம் இல்லை, படத்தின் சில இடங்களில் மட்டும் ஊறுகிறது என்றால்:* அங்கே பென்சிலை அழுத்தி அழித்திருப்பீர்கள். ரப்பர் தேய்த்த இடத்தில் தாளின் மேற்பூச்சு போய் நார் எழுந்திருக்கும். அதன் மேல் சுத்தமான தாள் ஒன்றை வைத்து, எவர்சில்வர் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்து அமர்த்திய பிறகு மை போடுங்கள். மை ஊறாமல் விலகி ஓடினால் அது உள்ளங்கை வேர்வையும் எண்ணெயும். கைக்கு அடியில் எப்போதும் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும்.

*எல்லா இடத்திலும், எல்லாக் காலத்திலும் ஊறுகிறது என்றால்:* மை பவுண்டன் பேனா மையா என்று பாருங்கள். சாயம் கரைந்த மை எளிதில் ஊறும். கரியால் ஆன இந்தியன் இங்க் அவ்வளவு ஊறாது. ஆனால் இந்தியன் இங்க்கைப் பவுண்டன் பேனாவுக்குள் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே இறுகி அடைத்துவிடும். மையும் சரி என்றால், தாளை மாற்றுவதுதான் மிச்சம். ஜெராக்ஸுக்கான 75 ஜி.எஸ்.எம். தாளும் சார்ட் தாளும் பயிற்சிக்கு மட்டுமே. வழவழப்பான ஐவரி அட்டை அல்லது பிரிஸ்டல் அட்டையில் ஒரே ஒரு தாள் வாங்கிச் சோதித்துவிட்டு, பிறகு கட்டாக வாங்குங்கள். ஜி.எஸ்.எம். என்பது எடையை மட்டுமே சொல்லும்; கனமான தாளும் ஊறக்கூடும்.

அறிகுறி 5: தடிமன் தானாக ஏறி இறங்குகிறது, கோடு நடுங்குகிறது

கோடு நடுங்குவதற்கு மிகச் சாதாரணமான காரணம், பயந்து மெதுவாக இழுப்பது. அதே கோட்டை இரண்டு மடங்கு வேகத்தில் இழுத்துப் பாருங்கள்; நடுக்கம் மறைந்தால் கை நன்றாகவே இருக்கிறது. அங்குலத்துக்கு மேற்பட்ட கோடுகளை விரலால் போடாமல் முழங்கையிலிருந்து இழுங்கள். மேசை ஆடுகிறதா, முழங்கைக்கு ஊன்ற இடம் இருக்கிறதா, தாள் சொரசொரப்பானதா என்று பாருங்கள். சொரசொரப்புத் தாளில் நிப் மேடு பள்ளம் ஏறி இறங்கும், அதற்குக் கை ஒன்றும் செய்ய முடியாது.

குழாய் போன்ற முனையால் ஒரே தடிமனில் கோடு தரும் டெக்னிக்கல் பேனாவில் கோடு விட்டு விட்டு வந்தால், பேனாவைப் பக்கவாட்டில் மெல்லக் குலுக்குங்கள். உள்ளிருக்கும் கம்பி அசையும் ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் மை காய்ந்து அடைத்திருக்கிறது. முனையைக் கழற்றித் தண்ணீரில் ஊறவிடுங்கள். 0.25-க்குக் குறைந்த முனைகளில் கம்பியை வெளியே இழுக்காதீர்கள், வளைந்தால் மறுபடி உள்ளே போகாது. ஊறியும் திறக்காவிட்டால் மீயொலியால் அழுக்கு நீக்கும் (அல்ட்ராசோனிக்) தொட்டி வைத்திருக்கும் நகைக்கடையிலோ மூக்குக்கண்ணாடிக் கடையிலோ கேட்டுப் பாருங்கள். அதற்கும் அசையாத முனைக்குப் புது முனைதான் வழி.

தேநீர் டம்ளரைப் பிடிக்கும்போதும், கையைச் சும்மா மடியில் வைத்திருக்கும்போதும் நடுக்கம் இருந்தால், அல்லது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப் போனால், பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இன்னும் நிறைய வரைந்தால் சரியாகும் என்ற அறிவுரையை இந்த இடத்தில் கேட்கக் கூடாது.

அறிகுறி 6: தடிமன் நன்றாக மாறுகிறது, ஆனாலும் படம் தட்டையாக அல்லது குழப்பமாக இருக்கிறது

மேலே சொன்ன கோளாறுகள் எல்லாம் தீர்ந்தவர்கள் வந்து நிற்கும் இடம் இது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுவே, ஏனென்றால் இங்கே பொருள் எதையும் வாங்க வேண்டியதில்லை. பார்க்க மட்டுமே வேண்டும்.

*படத்தின் வெளிக்கோடு முழுவதும் தடித்து, உள்கோடுகள் மெலிந்திருந்தால்:* உருவம் கத்தரித்து ஒட்டியது போலத் தெரியும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று படத்தின் மூலையில் ஓர் அம்புக்குறி போடுங்கள். வெண்கல உருளி ஒன்றைச் சன்னலுக்கு வலப்புறம் வைத்து வரைவதாகக் கொள்வோம். இடது விளிம்பில் வெளிச்சம் நேராக விழுகிறது. அங்கே கோடு முடியளவு போதும், மிகவும் மின்னும் ஓரிடத்தில் கோட்டையே விட்டுவிடலாம், கண் அதைத் தானே இணைத்துக்கொள்ளும். வலப்பக்க வயிறு கீழ்நோக்கி வளைய வளையக் கோடு தடிக்க வேண்டும். உருளி தரையைத் தொடும் இடம்தான் படத்திலேயே தடித்த கோடு, ஏனென்றால் அங்கே வெளிச்சம் நுழைவதில்லை. வாய் விளிம்பின் உள்பக்க வளைவு, இடதுபுறத்தில் தடித்தும் வலதுபுறத்தில் மெலிந்தும் இருக்கும். வெளிக்கோட்டுக்கு நேர் எதிர். இந்த ஓர் எதிர்மாற்றத்தைச் செய்தவுடனே பாத்திரத்துக்குள் குழிவு வந்துவிடும். வகுப்பில் இதைக் கண்ட பிள்ளைகள் தாளை எட்டப் பிடித்து மறுபடி மறுபடி பார்ப்பார்கள்.

*முன்னும் பின்னும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தால்:* ஒரு பொருள் மற்றொன்றுக்குப் பின்னே போகும் இடங்களைத் தேடுங்கள். பின்னால் உள்ள பொருளின் கோடு முன்பொருளைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றுவிட வேண்டும். முன்பொருளின் கோடு அங்கே தடிக்க வேண்டும். செங்கோட்டை நுழைவு வளைவை வரையும்போது வளைவின் அடிப்பகுதியைத் தடித்த கோட்டாலும், உச்சியிலுள்ள திருவிதாங்கூர்ச் சங்கை நடுத்தரக் கோட்டாலும், பின்னே தெரியும் மலையை மெல்லிய, விட்டுவிட்ட கோட்டாலும் போட்டால் தூரம் தானாக வந்துவிடும். மலைக்குத் தண்ணீர் கலந்த மையையும் பயன்படுத்தலாம், ஆனால் படம் அச்சுக்குப் போவதாக இருந்தால் வேண்டாம். காரணம் ஏழாம் அறிகுறியில் வருகிறது.

*ஒவ்வொரு வளைவிலும் ஒரே மாதிரி தடித்து மெலிந்தால்:* அது கைப்பழக்கம், பார்வையில் இருந்து வந்ததல்ல. ஜி நிப் வாங்கிய முதல் ஆண்டில் பலருக்கும் இது வரும். படத்தைத் தலைகீழாக வைத்து, தடித்த கோடுகளை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். வட்டங்கள் படம் முழுவதும் சமமாகப் பரவிக் கிடந்தால் தடிமன் எதையும் சொல்லவில்லை. அவை நிழலிலும், தாங்கும் இடத்திலும், பார்வை நிற்க வேண்டிய இடத்திலும் கூடியிருக்க வேண்டும். ஒரு படத்துக்கு மூன்று தடிமன் என்று முன்பே தீர்மானித்துக்கொள்வது நல்ல கட்டுப்பாடு. 0.13, 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 என்று டெக்னிக்கல் பேனாவின் அளவுகள் ஏறத்தாழ 1.4 மடங்காக ஏறுகின்றன. அடுத்தடுத்த இரண்டைச் சேர்த்துப் பயன்படுத்தினால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஒன்று விட்டு ஒன்றாக 0.18, 0.35, 0.7 என்று எடுத்தால் தெளிவாகத் தெரியும்.

தடிமனே மாறாத கோட்டாலும் நல்ல படம் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969-இல் ஓவியர் ஆதிமூலம் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்களையும், கேரளத்து வார இதழ்களில் ஓவியர் நம்பூதிரி வரைந்த மனிதர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே தடித்தது என்பதோடு எங்கே கோடு நின்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அறிகுறி 7: தாளில் சரியாக இருக்கிறது, அச்சில் அல்லது திரையில் மெல்லிய கோடு காணாமல் போகிறது

*கைப்பேசியில் படம் எடுத்தால்:* ஆவணம் எடுக்கும் செயலிகள் கோட்டைத் தாமாகவே தடிக்கவோ அழிக்கவோ செய்யும். கையின் நிழல் விழுந்த பக்கம் கோடு தடித்தும், மறுபக்கம் வெளிறியும் வரும். சாதாரணக் கேமராவில், வெளிச்சம் இரு பக்கமும் சமமாக விழும்படி எடுங்கள். திரையில் மட்டும் காட்டுவதற்கு அது போதும்.

*அச்சுக்கு என்றால்:* ஸ்கேனரில் 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில், முதலில் சாம்பல் நிறப் படமாக எடுத்து, பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நேரடியாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால், சற்று வெளிறிய மெல்லிய கோட்டையெல்லாம் இயந்திரம் வெள்ளை என்று முடிவுகட்டிவிடும். தண்ணீர் கலந்த மை இங்கேதான் காலை வாரும்.

*சிறிதாக்கினால்:* கோடும் சேர்ந்தே சிறிதாகும் என்பதைக் கணக்கிட்டு வரையுங்கள். ஏ3 படத்தை ஏ4-க்குக் குறைத்தால் 71 விழுக்காடு, 0.20 மி.மீ. கோடு 0.14 ஆகும். ஏ5-க்குக் குறைத்தால் பாதி, அது 0.10 மி.மீ. ஆகும். ஆஃப்செட்டில் அது தப்பிப் பிழைக்கும் எல்லையில் நிற்கிறது. கல்யாணப் பத்திரிகைக்கான ஸ்கிரீன் பிரிண்டிங்கில் பெரும்பாலும் பிழைக்காது. கறுப்புப் பின்னணியில் விட்ட வெள்ளைக் கோடு இன்னும் எளிதில் அடைபடும், மை இரு பக்கமிருந்தும் பரவுவதால். ஆகவே மிகச் சிறிதாக அச்சாகப் போகும் படத்துக்கு மெல்லிய கோட்டை 0.35-இலிருந்து தொடங்குங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் அச்சில் கோடு காணாமல் போனால், கோப்பை நீங்களே மேலும் மேலும் திருத்தாமல் அச்சகத்துக்குப் போங்கள். சிவகாசியோ தென்காசியோ, தகடு எடுக்கும் பிரிவில் இருப்பவரிடம் மூலப் படத்தையும் ஸ்கேன் கோப்பையும் சேர்த்துக் கொடுத்து, "அண்ணாச்சி, இந்தத் தாள்ல எவ்வளவு மெல்லிசு கோடு நிக்கும்?" என்று கேளுங்கள். அவர்களுடைய இயந்திரத்துக்கும் தாளுக்கும் உரிய அளவை அவர்களே அறிவார்கள். முழு எண்ணிக்கையும் ஓடுவதற்கு முன்னால், நீங்கள் வரைந்ததிலேயே மிக மெல்லிய கோடுகள் உள்ள பகுதியை மட்டும் அசல் அளவில், அச்சாகப் போகும் அதே தாளில் சோதனைப் பிரதி எடுத்துத் தரச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.